இறக்கைக்குக் கீழே மூன்றாவது ஆள்

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்களோடு நான் சண்டைக்கு வரப் போவதில்லை. பேத்தமங்களாவில் என் தம்பியின் வெல்டிங் கடை இருக்கிறது. அந்த இரும்பு கிடந்த இடத்தில், சிமெண்ட் தரையில், துருக்கறை இன்னும் அப்படியே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். நான் வர மாட்டேன். அந்தக் கடைக்குள் நான் கால் வைத்து ஐந்து மாதம் ஆகிறது.

என் பெயர் லதா. கோலார் தங்கவயலில், அதாவது கே.ஜி.எஃப்பில், சாம்பியன் ரீப்ஸில், பழைய மைன்ஸ் குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறோம். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று மாமியாரிடமே சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் ஒரு கம்பெனி. வெளிநாட்டு மியூசியங்கள் பழைய போட்டோக்களை அனுப்பும். அதில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்துக் குறிக்க வேண்டும். என் பங்குக்கு வருவது இரண்டாம் உலகப் போர் விமானங்கள். அதிலும் இறக்கைக்குக் கீழே தொங்கும் குண்டுகள். வாரத்தில் மூன்று நாள் ரயிலேறி ஆபீஸ் போவேன். மீதி நாள் வீட்டிலிருந்து வேலை.

கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். "குண்டுல இன்னா பாக்கறதுக்கு கீது, எல்லாம் ஒரே மாரிதான" என்பார்கள். அப்படி இல்லை. உடம்பு எவ்வளவு பருமன், மூக்கு கூரா மொட்டையா, தொங்கவிடும் காது ஒன்றா இரண்டா... எல்லாம் பார்க்க வேண்டும். முக்கியமானது ஒன்று. மருந்து நிரப்பிய குண்டு என்றால் மூக்கைச் சுற்றி சிவப்பு வளையம் அடித்திருப்பார்கள். கறுப்பு வெள்ளை போட்டோவில் அது கறுப்பாகத் தெரியும். வளையம் இல்லையா, அது பயிற்சிக்கு மணல் நிரப்பின குண்டு. விழுந்தாலும் வெடிக்காது.

ஒரு போட்டோவை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்ப்போம். இருவரும் குறித்தது ஒத்துப்போகாவிட்டால் திரையில் மஞ்சள் கட்டம் வரும். சீனியர் யாரோ, அவர் சொல்வதே முடிவு. நான் சீனியர். எனக்கு ஜோடி ரூபேஷ். பெங்களூர் பையன், கண்ணாடி போட்டவன், நல்லவன். ஆனால் அவன் என்னைத் திருத்துவது எனக்குப் பிடிக்காது.

அன்று மே மாதம், வியாழக்கிழமை. வீட்டிலிருந்து வேலை. என் கணவர் சாம்ராஜுக்கு ஃபேக்டரியில் செகண்ட் ஷிப்ட். மாமியார் ஊரில் இல்லை. வீட்டில் நான் மட்டும்.

மதியம் ஒரு போட்டோ வந்தது. "தென்னிந்தியா, இடம் தெரியவில்லை, 1943" என்று மட்டும் போட்டிருந்தது. ஒரு பொட்டல் மைதானம். நான்கு ஹரிகேன் சண்டை விமானங்கள் வரிசையாக நிற்கின்றன. முதல் விமானம் அருகில், மற்ற மூன்றும் பின்னால். அருகில் இருந்த விமானத்தின் இடது இறக்கைக்குக் கீழே ஒரு குண்டு. இருநூற்றைம்பது பவுண்டு, ஒற்றைக் காது. அது ஐந்து நிமிட வேலை.

குண்டுக்குப் பக்கத்தில் மூன்று பேர் நின்றார்கள். இருவர் வெள்ளைக்காரர்கள், தொப்பி, பளபளக்கும் பூட்ஸ். மூன்றாவது ஆள் நம்மவர். காக்கி அரை டிராயர், தலையில் முண்டாசு, வெறுங்கால். வலது கையைக் குண்டின் மூக்கின்மேல் அகலமாக வைத்திருந்தார். இடது கையைப் பக்கவாட்டில் நீட்டியிருந்தார். போட்டோ எடுக்கும்போது சிலர் செய்யும் அலட்டல் என்று நினைத்துக்கொண்டேன். முழங்காலுக்குக் கீழே அவர் கால்கள் மட்டும் கன்னங்கரேல் என்று இருந்தன. நிழலாக இருக்கும்.

மூக்கில் வளையம் தெரியவில்லை. மணல் குண்டு என்று குறித்தேன். ஆட்கள் மூன்று என்று குறித்தேன்.

மஞ்சள் கட்டம் வந்தது. ரூபேஷ் ஆட்கள் இரண்டு என்று குறித்திருந்தான்.

போன் செய்தேன்.

"ரூபேஷ், அந்த ஹரிகேன் போட்டோல எத்தனை பேர்?"

"ரெண்டு, மேடம்."

"இன்னொரு தடவை பாரு."

"பார்த்துட்டேன் மேடம். ரெண்டுதான்."

"கண்ணாடிய மாத்து," என்று சொல்லி வைத்துவிட்டேன். மஞ்சள் கட்டத்தில் அதற்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது. அதை நான் படிக்கவில்லை. இரண்டையும் சேர்த்து "சீனியர் முடிவு" என்று அழுத்திவிட்டு அடுத்த போட்டோவுக்குப் போனேன். கெட்டிக்காரி என்ற கர்வம்தான், வேறென்ன.

சாயங்காலம் 5.50க்குத் தம்பியிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. என் தம்பி செல்வமணி. இருபத்தெட்டு வயது. அவனுக்குப் போன தையில்தான் கல்யாணம் ஆனது. அவன் மனைவி மாலா அப்போது நான்கு மாதம்.

இரும்பு உருளை ஒன்றின் போட்டோவை அனுப்பியிருந்தான். கீழே வாய்ஸ் மெசேஜ்.

"யக்கா, நம்ம சின்னசாமியண்ணன் ஏரிலேர்ந்து ஒரு இரும்பு கொண்டாந்துகிறாரு. தண்ணி வத்திப்போச்சில்ல, வண்டல் அள்ளசொல்ல கெடச்சிதாம். ராகி அடிக்க ரோலர் பண்ணித் தரச் சொல்றாரு. நீ பாப்பியே குண்டு, அது மாரியே கீது. இன்னா இது?"

பெரிதாக்கிப் பார்த்தேன். துருவும் சேறும். வால் இல்லை. உடம்பு நடுவில் ஒற்றைக் காது. மதியம் பார்த்த அதே ரகம். கூப்பிட்டேன்.

"குண்டுதான்டா. போர் டைம்ல ஏரில போட்டுப் பழகியிருப்பாங்க போல."

"ஐயய்யோ. போலீசுக்குச் சொல்லணுமா?"

"வேணாம். அது மணல் குண்டு. இன்னிக்குத்தான் அதே மாரி ஒண்ணு பாத்தேன்."

"நல்லாத் தெரியுமா?"

"என் வேலையே அதான்."

"சரி. கேஸ் சிலிண்டர் ஏழு மணிக்கு வரும். வந்தவொடனே மூக்க அறுத்துட்டு அச்சு வச்சிடறேன்."

"செய்," என்றேன்.

அந்த ஒரு சொல்லை அதற்குப் பிறகு நான் அவனிடம் சொன்னதே இல்லை.

வெளியே மேகம் கட்டியிருந்தது. கோடை மழை வரும்போல இருந்தது. 6.25க்குக் கரண்ட் போனது. எங்கள் ஏரியாவில் காற்றடித்தாலே கரண்ட் போய்விடும், புதிதில்லை. லேப்டாப்பில் சார்ஜ் இருந்தது. காபி போடலாம் என்று எழுந்தேன்.

தொம்...

தரைக்கு அடியிலிருந்து வந்தது. அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுத்தன.

கே.ஜி.எஃப்பில் பிறந்தவர்களுக்கு இந்தச் சத்தத்தை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மைன்ஸ் ஓடிய காலத்தில், ஷிப்ட் முடியும் நேரம் பூமிக்குள் வெடி வைப்பார்கள். ஓர் ஆளோ இரண்டு ஆளோ பாறையில் குழிகள் போட்டு, மருந்து அடைத்து, திரி வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். பிறகு தூர நின்று சத்தத்தை எண்ணுவார்கள். வீட்டில் உட்கார்ந்திருக்கும் நமக்கும் அது காலில் தெரியும்.

என் அப்பா வெடி வைத்தவர். வீட்டில் சாப்பிடும்போது சத்தம் வந்தால் சோற்று உருண்டை கையிலேயே நிற்கும். எண்ணி முடித்துத்தான் வாய்க்குப் போகும். எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. நானும் விரல் விட்டு எண்ணுவேன். அப்பா சிரிப்பார். "எத்தினி வெச்சாங்கன்னு தெரியாம எண்ணி இன்னாடி பிரயோசனம்? அத்த மொதல்ல கேளு," என்பார்.

அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது.

மைன்ஸ் மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பூமிக்குள் இறங்கும் ஷாஃப்ட் எல்லாம் தண்ணீர்.

தொம்...

இரண்டு. என்னை அறியாமல் எண்ணினேன்.

தொம்... தொம்... தொம்...

சற்று இடைவெளி.

தொம்.

ஆறு. அதோடு நின்றது. மணி பார்த்தேன். 6.32.

எங்கேயோ கல் குவாரியில் வெடி வைக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டேன். காபியை அடுப்பில் வைத்தேன். பால் பொங்கி வரும்போது மறுபடியும்...

தொம்... தொம்... தொம்... தொம்... தொம்...

அதே இடைவெளி.

தொம்.

மறுபடியும் ஆறு. எந்தக் குவாரியிலும் ஐந்து நிமிடத்துக்குள் அதே கணக்கில், அதே இடைவெளியில் இரண்டு முறை வைக்க மாட்டார்கள். அது எனக்குத் தெரியும்.

அடுப்பை அணைத்தேன்.

அப்போதுதான் வாசனை வந்தது. வெடி மருந்துப் புகை. அப்பா ஷிப்ட் முடிந்து வரும்போது சட்டையில் இருக்குமே, அந்த வாசனை. கூடவே வேறொன்றும் இருந்தது. ஏரிச் சேற்றின் வாடை.

கதவு சாத்தித்தான் இருந்தது. ஜன்னலும்.

லேப்டாப் வெளிச்சமாவது இருக்கட்டும் என்று மேஜைக்குப் போனேன். திரையைத் தட்டினேன்.

அந்தப் போட்டோ வந்தது.

அதை மூடிவிட்டு அதற்குப் பிறகு நாற்பது போட்டோவாவது பார்த்திருப்பேன். கடைசியாகத் திறந்து வைத்திருந்தது ஏதோ ஒரு கப்பல் படம். ஆனால் திரையில் இருந்தது அந்த ஹரிகேன். இடது இறக்கை. குண்டு. மூன்று பேர்.

மதியம் பார்த்தபோது மூன்றாவது ஆள் விமானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்றுதான் எனக்கு நினைவு.

இப்போது நேராகப் பார்த்தார்.

கோபமான முகம் இல்லை அது. களைத்த முகம். ஷிப்ட் முடிந்தும் மாற்று ஆள் வராமல் நிற்கிறவர்களின் முகம். அந்த முகத்தை நான் எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன்.

ஒரு கை குண்டின் மேல். மறு கை நீட்டி.

சட்டென்று உறைத்தது. தலையில் யாரோ தண்ணீர் ஊற்றினதுபோல் இருந்தது.

வைத்த வெடிகளில் ஒன்று வெடிக்காமல் போனால் அதைப் "பாக்கி" என்பார் அப்பா. பத்து வைத்து ஒன்பது கேட்டால், ஒன்று பாக்கி. அடுத்த ஷிப்ட்காரர்கள் தெரியாமல் வந்து அதன்மேல் துளை போட்டால் உடம்புகூடக் கிடைக்காது. அதனால் வைத்தவர் அங்கேயே நிற்க வேண்டும். ஒரு கை பாறைமேல். மறு கை, பாக்கி இருக்கும் பக்கம் நீட்டி. இருட்டில், விளக்கு வெளிச்சத்தில், தூரத்திலிருந்து பார்த்தாலே வருகிறவனுக்குப் புரிந்துவிடும். மாற்று ஆளிடம் ஒப்படைக்கும்வரை நகரக் கூடாது. "பாக்கி நிக்கறது" என்று அதற்குப் பேர். நான் குழந்தையாக இருந்தபோது அப்பா வாசலில் அப்படி நின்று விளையாட்டுக் காட்டுவார். நான் தாண்டிப் போகக் கூடாது.

எங்கள் ஊரில் பிறந்து, அந்த வீட்டில் வளர்ந்து, அதைப் பார்த்து "அலட்டல்" என்று நினைத்திருக்கிறேன்.

படத்தைப் பெரிதாக்கினேன். இன்னும். இன்னும்.

மூக்கில் வளையம் தெரியாதது ஏன் என்று புரிந்தது. வளையம் இருக்க வேண்டிய இடத்தில்தான் அவர் கை இருந்தது. விரல்களின் இடுக்கில், நான்கு சிறு துண்டுகளாக...

கறுப்பு.

மருந்து குண்டு.

தம்பிக்குப் போட்டேன். "தொடர்பு எல்லைக்கு வெளியே..." மறுபடி. அதேதான். மாலாவுக்குப் போட்டேன். அவள் அம்மா வீட்டில் இருந்தாள். அவளிடம் என்ன சொல்வது? கட் செய்துவிட்டேன். சின்னசாமியின் நம்பர் என்னிடம் இல்லை.

6.44.

ஏழு மணிக்கு சிலிண்டர் வரும்.

ஸ்கூட்டியை எடுத்தேன். வீட்டைப் பூட்டினேனா என்றுகூட நினைவில்லை. ரோட்டுக்கு வந்ததும் மழை பிடித்தது. பேத்தமங்களா பத்து கிலோமீட்டருக்கு மேல். தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சயனைடு மணல் மேடுகளிலிருந்து சேறு கரைந்து ரோட்டுக்கு வந்துகொண்டிருந்தது. ஒரு வளைவில் வண்டி சறுக்கி, காலை ஊன்றி, விழாமல் தப்பித்தேன். கண்ணில் மழை. ஹெல்மெட் போடவில்லை.

நான்தான் சொன்னேன். என் வேலையே அதான் என்று சொன்னேன். போலீசுக்குச் சொல்லணுமா என்று கேட்டவனை வேணாம் என்று நிறுத்தினேன். அவனுக்கு ஏதாவது ஆனால் மாலா முகத்தை எப்படிப் பார்ப்பேன்? பிறக்கப் போகிற குழந்தையிடம் என்ன சொல்வேன்? சத்தம் போட்டு அழுதுகொண்டே ஓட்டினேன். மழையில் யாருக்குக் கேட்கப் போகிறது.

பாதி வழியில்...

தொம்.

ஹேண்டில்பாரில் தெரிந்தது. இடி இல்லை. இடி மேலே கேட்கும். இது கீழே.

தொம்... தொம்...

மூன்று.

தொம்...

நான்கு.

தொம்...

ஐந்து. இடைவெளி.

தொம்.

ஆறு.

ஏழாவது கேட்கக் கூடாது. ஏழாவது கேட்டால்...

அது செல்வமணி.

கேட்கவில்லை.

இன்னும் கேட்கவில்லை.

ஆக்சிலேட்டரைக் கடைசி வரை முறுக்கினேன்.

பேத்தமங்களா. பஸ் ஸ்டாண்ட். இடது பக்கம் திரும்பினால் கடை.

கடை இருட்டு.

ஷட்டர் பாதி திறந்திருந்தது. வாசலில் சிலிண்டர் வண்டி. ஆள் இல்லை.

"செல்வா..."

ஷட்டரைத் தட்டினேன்.

"செல்வா..."

"இன்னாக்கா, மழைல இப்பிடி நனஞ்சிகினு வர?"

எதிரே டீக்கடையிலிருந்து வந்தான். கையில் டீ கிளாஸ். பின்னால் சின்னசாமி, தலையில் சாக்குப் பையைப் போர்த்திக்கொண்டு. நான் வண்டியை அப்படியே போட்டுவிட்டுத் தம்பியின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டேன்.

"அத்தத் தொட்டியா?"

"எங்க தொட வுட்டாரு," என்றான் எரிச்சலாக. "நீ ஆள அனுப்பறதா இருந்தா ஒரு போன் பண்ண மாட்டியா?"

"எந்த ஆளு?"

"உன் ஆளுதான்க்கா. இது குண்டுன்னு உன்கிட்ட மட்டும்தான சொன்னேன். சிலிண்டரு சீக்கிரமே வந்திடிச்சி, எறக்கிட்டு உள்ள போறேன், அவரு நிக்கிறாரு. ஒரு கைய இரும்பு மேல வச்சிகினு, இன்னொரு கைய ஏரிப் பக்கம் நீட்டிகினு. 'யாருண்ணா, தள்ளு'ன்னேன். வாயே தெறக்கல. சின்னசாமியண்ணன் தெலுங்குல கேட்டாரு, கன்னடத்துல கேட்டாரு. ஊஹூம்."

"அப்புறம்?"

"கைய நீட்டிகினு நிக்கறவர வச்சிகினு நெருப்பு வெக்க முடியுமா? அப்பா நிப்பாரே, அது மாரியே நின்னாரு. எனக்கு ஒரு மாரி ஆயிடிச்சி. அதான் டீ குடிக்க வந்துட்டோம். போயிட்டா வேலைய ஆரம்பிக்கலாம்னு..."

"எப்பிடி இருந்தாரு?"

"அர டிராயரு. முண்டாசு. மொழங்கால் வரிக்கும் சேறு."

சின்னசாமி மெதுவாகச் சொன்னார். "மழ வரதுக்கு முன்னயே வந்தாரும்மா. சேறு மட்டும் ஈரமா இருந்திச்சி."

மூன்று பேரும் ஷட்டருக்குக் கீழே குனிந்து பார்த்தோம். செல்வமணி செல்போன் டார்ச்சை அடித்தான்.

யாரும் இல்லை.

அந்தக் கடைக்குப் பின்வாசல் கிடையாது. ஜன்னல் கிடையாது. டீக்கடையில் உட்கார்ந்தவர்கள் ஷட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை என்று இருவரும் சத்தியம் செய்தார்கள்.

இரும்பு தரையில் கிடந்தது. ஏரிச் சேறு காய்ந்து, தடிமனாக, முழுவதும் ஒட்டியிருந்தது. மூக்குப் பக்கம் ஓர் இடத்தில் மட்டும் சேறு இல்லை. ஐந்து விரல். உள்ளங்கை. கை வைத்த அளவுக்குச் சுத்தமாகத் துடைத்திருந்தது.

அந்தக் கை அடையாளத்துக்குள்...

சிவப்புப் பெயிண்ட்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். போலீஸ் வந்தது. தெருவைக் காலி செய்தார்கள். மறுநாள் வெடிகுண்டு நிபுணர்கள் வந்து மணல் மூட்டைகளுக்கு நடுவில் அதை லாரியில் ஏற்றி, தூரத்தில் கைவிட்ட ஒரு கல் குவாரிக்குக் கொண்டுபோய் வெடிக்கவைத்தார்கள். மூன்று கிலோமீட்டர் தள்ளி நின்ற எங்கள் காலுக்கே அது தெரிந்தது. செல்வமணி அங்கேயே தரையில் உட்கார்ந்து, குழந்தைபோல் அழுதான். நானும்.

அந்த அதிகாரி வயதானவர், தமிழர்தான். "இத்தனை வருஷமா சேத்துல கெடந்தும் மருந்து கெடல. நெருப்புப் பட்டிருந்தா இந்தத் தெருவே இருக்காது," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இது மருந்து குண்டுன்னு எப்படிம்மா கண்டுபிடிச்ச?" என்று கேட்டார்.

போட்டோ பார்த்து என்றேன். பொய் இல்லை.

வேலைக்குத் திரும்பியதும் முதலில் ரூபேஷிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்று நான் படிக்காமல் அழுத்தின இரண்டாவது வரி என்னவென்றும் பார்த்தேன். "குண்டு: மருந்து நிரப்பியது. வளையம் தெளிவாகத் தெரிகிறது." ரூபேஷ் எழுதியது.

"தெளிவாவா?" என்று கேட்டேன்.

"ஆமா மேடம். நடுவுல எதுவும் இல்லையே."

தன் திரையைத் திருப்பிக் காட்டினான். அதே மைதானம். அதே நான்கு விமானங்கள். இரண்டு வெள்ளைக்காரர்கள். குண்டின் மூக்கில் பட்டையாக, முழுசாக, கறுப்பு வளையம். அதன்மேல் கை இல்லை. கைக்குச் சொந்தக்காரரும் இல்லை.

என் லேப்டாப்பைத் திறந்தேன். அதே போட்டோ. மூன்று பேர்.

ரூபேஷ் எட்டிப் பார்த்தான். "ரெண்டு பேர்தானே மேடம்," என்றான்.

அவர் என் கண்ணிலிருந்து வளையத்தை மறைத்தாரா, காட்டிக்கொடுத்தாரா? எவ்வளவு யோசித்தாலும் விளங்கவில்லை. என்னைத் தவிர வேறு யாராக இருந்தாலும் அந்தக் கையைப் பார்த்துப் புரிந்திருக்க மாட்டார்கள் என்பது மட்டும் தெரியும்.

யார் அவர்? ஸ்கெலட்டன் என்ற பக்கத்துக் குடியிருப்பில் விசாரித்ததில் சரோஜம்மா என்ற பென்ஷன்காரர் ஒன்று சொன்னார். அவர் கணவரின் பெரியப்பா மைன்ஸில் வெடி வைத்தவராம். போர் நேரத்தில் ராணுவத்துக்கு வேலை செய்யக் கூட்டிப் போனார்களாம். ஏரியில் குண்டு போட்டுப் பழகின ஒரு நாள், எண்ணிக்கொண்டே கரையில் நின்றவர், "பாக்கி கீது, யாரும் எறங்காதீங்க" என்று சொல்லிவிட்டுச் சேற்றில் இறங்கினாராம். திரும்பி வரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை.

"எத்தினி பாக்கின்னு சொன்னாராம்மா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் யாருக்குத் தெரியும்," என்றார்.

அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அப்பா சொன்னது ஞாபகம் வந்தது. எத்தினி வெச்சாங்கன்னு மொதல்ல கேளு.

என் வேலையே அதுதான். ஆனால் நான் கேட்கவில்லை.

ஹரிகேன் ஒரு பக்கம் மட்டும் குண்டு சுமக்காது. சாய்ந்துவிடும். இறக்கைக்கு ஒன்று. போட்டோவில் நான்கு விமானம். மொத்தம் எட்டு குண்டு.

நான் கேட்டது ஆறு. பாக்கி இரண்டு, குவாரியில் வெடித்தது அதில் ஒன்றுதான்.

எழுந்து போய்ப் போட்டோவைத் திறந்தேன். ஒரு கை குண்டின் மேல். நீட்டிய மறு கை என்னை நிறுத்துவதற்கு நீட்டியதல்ல. விமானத்தின் மறுபக்கம், வலது இறக்கையின் பக்கம் நீட்டியிருந்தது. கடையில் செல்வமணியிடமும் அந்தக் கையை ஏரிப் பக்கம்தான் நீட்டியிருக்கிறார்.

அதிகாரிக்குப் போன் செய்து சொன்னேன். நம்பினார். ஆனால் அதற்குள் மழை வலுத்து ஏரி நிரம்பிவிட்டது. தண்ணீர் வற்றின பிறகுதான் தேட முடியும் என்றார். வற்றினதும் டிராக்டர்களும் ஜே.சி.பி.யும் வண்டல் அள்ள இறங்கும். செல்வமணி இப்போது ஏரி இரும்பு எதையும் வாங்குவதில்லை. மற்றக் கடைக்காரர்களுக்கு நான் சொன்னால், "பயந்த பொம்பள" என்று சிரிக்கிறார்கள்.

மாலாவுக்குப் போன வாரம் ஆண் குழந்தை பிறந்தது. பார்த்துவிட்டு நேற்றுதான் வீட்டுக்கு வந்தேன். மழை இல்லை. காற்றுகூட இல்லை. 6.32க்கு அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு எண்ணினேன்.

இந்த முறை ஏழு.